விரைவுக் காமிராவைக் கணிப்பொறியுடன் அமைத்தல்

எஃகுக் குண்டு ஒன்றை 1 மீட்டர் உயரத்திலிருந்து கைவிட்டால், அது தரையை அடைய அரை வினாடிகூட ஆவதில்லை. அந்தச் சிறு பொழுதில் அதன் வேகம் எவ்வாறு படிப்படியாக வளர்கின்றது என்பதை நாம் கண்ணால் பின்தொடர இயலாது. மருந்து தெளிக்கும் கருவியின் மூக்கிலிருந்து நீர் துளிகளாக உடைவதும், கதிரடிக்கும் பொறியின் உருளையில் தாள் சிக்குவதும் இத்தகைய நிகழ்ச்சிகளே. இவற்றைச் சிறு காலக் கூறுகளாகப் பிரித்துக் காட்டுவது விரைவுக் காமிராவின் பணியாகும்.

இம்முறை புதியதன்று. 1878-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் எட்வர்டு மைபிரிட்ஜ் என்பவர், வரிசையாக நிறுத்திய பல காமிராக்களைக் கொண்டு, ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் நிலத்தை விட்டு நீங்கியிருப்பதைப் படமாக்கினார். 1930-களில் மாசச்சூஸெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தைச் சேர்ந்த ஹெரால்டு எட்ஜர்ட்டன், மிகக் குறுகிய மின் ஒளிவீச்சுக்களைப் பயன்படுத்தி இக்கலையை வளர்த்தார். அக்காலத்தில் பிலிம் சுருளைக் கழுவி எடுத்த பின்னரே பலனை அறிய முடிந்தது. இன்று ஒளியை மின்குறிகளாக மாற்றும் உணர்தகடு பிலிமின் இடத்தைப் பெற்றுள்ளது. அக்குறிகளை வாங்கிச் சேமிப்பது கணிப்பொறி.

வசதி பெருகியதோடு ஒரு புதிய அபாயமும் சேர்ந்துள்ளது. பிலிம் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். கணிப்பொறியோ, வழியில் சில படங்களை இழந்துவிட்டு, எஞ்சியவற்றை ஒன்றும் நேராததுபோல் வரிசையாக அடுக்கி வைத்துவிடக்கூடும். படங்கள் தெளிவாகவே இருக்கும்; அவற்றிலிருந்து கணக்கிடும் விடை மட்டும் தவறாக இருக்கும். ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே சென்ற காலம் உறுதியாகத் தெரிந்தாலன்றி, படங்களைக் கொண்டு எதையும் அளக்க இயலாது. ஆகவே கருவியை அமைக்கும் ஒவ்வொரு படியிலும் இந்தக் காலக் கணக்கைக் காப்பதே நமது நோக்கமாக இருத்தல் வேண்டும். விழும் குண்டையே எடுத்துக்காட்டாகக் கொண்டு அம்முறையைக் காண்போம்.

1. பட வேகமும் ஒளி புகும் நேரமும்

ஒரு வினாடியில் எடுக்கப்படும் படங்களின் எண்ணிக்கையைப் பட வேகம் என்போம். ஒவ்வொரு படத்திற்கும் உணர்தகட்டின்மீது ஒளி விழும் காலத்தை ஒளி புகும் நேரம் என்போம். இவ்விரண்டும் வெவ்வேறானவை. முதலாவது, நிகழ்ச்சியை எத்தனை கூறுகளாகப் பிரிக்கின்றோம் என்பதைத் தீர்மானிக்கின்றது. இரண்டாவது, ஒவ்வொரு கூறும் மங்காமல் பதிகின்றதா என்பதைத் தீர்மானிக்கின்றது. தொடக்கத்தில் பலரும் முதலாவதை மட்டும் கருதி இரண்டாவதை மறந்துவிடுகின்றனர்.

உணர்தகட்டில் 1280 வரிசைக்கு 1024 வீதம் படப்புள்ளிகள் உள்ளன எனக் கொள்வோம். இவற்றைப் பிக்ஸல் என்றும் வழங்குவர். நீண்ட பக்கம் செங்குத்தாக நிற்குமாறு காமிராவைத் திருப்பி, 1.28 மீட்டர் உயரம் படத்தில் அடங்கும்படி வைத்தால், ஒரு படப்புள்ளி 1 மில்லி மீட்டரைக் குறிக்கும். 1 மீட்டர் விழுந்த குண்டின் வேகம் வினாடிக்குச் சுமார் 4.43 மீட்டர். பட வேகம் 500 எனில், ஒளி புகும் நேரத்தை 1/500 வினாடியாகவே விட்டுவிட்டால், அந்நேரத்தில் குண்டு ஏறத்தாழ 9 மில்லி மீட்டர் நகர்ந்துவிடும். அதன் விளிம்பு 9 படப்புள்ளி அகலத்திற்கு மங்கிக் காணப்படும். நேரத்தை 1/5000 வினாடியாகக் குறைத்தால் நகர்ச்சி 0.9 மில்லி மீட்டருக்குள் அடங்கும்; விளிம்பும் தெளிவாகும்.

விதி இதுவே: ஒரு படப்புள்ளி குறிக்கும் தூரத்தை, பொருளின் மிகுந்த வேகத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பதே ஒளி புகும் நேரத்தின் மேல் வரம்பு.

உணர்தகடு முழுவதும் ஒரே கணத்தில் ஒளியை ஏற்கும் காமிராவையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். சில காமிராக்களில் மேல் வரிசை முதலாகக் கீழ் வரிசை வரை ஒன்றன்பின் ஒன்றாக ஒளி ஏற்கப்படும். அவற்றில் சுழலும் விசிறியின் இறக்கை வளைந்து தோன்றும். விழும் குண்டின் உருவமும் மாறும். ஒரே படத்தின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு கணங்களைச் சேர்ந்தவையாதலால், காலக் கணக்கு அங்கேயே பிழைபடுகின்றது.

2. ஒளி அமைத்தல்

சாதாரணமாக 1/50 வினாடியில் எடுக்கும் படத்தை 1/5000 வினாடியில் எடுத்தால், கிடைக்கும் ஒளி நூறில் ஒரு பங்காகும். லென்ஸின் துளையை அகலத் திறந்து இக்குறையை ஓரளவு ஈடுசெய்யலாம். ஆனால் துளை அகன்றால், தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துவிடும். குண்டு சற்று முன்னோ பின்னோ விலகினாலும் உருவம் கலங்கும். ஆகையால் விளக்கைப் பெருக்குவதே முறை.

எந்த விளக்கு என்பதும் முக்கியம். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுக்கள் கொண்ட மாறுதிசை மின்னோட்டம். சோக்குடன் எரியும் குழல் விளக்கு, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை, அதாவது வினாடிக்கு 100 முறை, ஒளி கூடிக் குறைகின்றது. கண்ணுக்கு இது தெரிவதில்லை. விரைவுக் காமிராவுக்கு நன்கு தெரியும். ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருளாகவும் விழும். ஆகவே சோதனைக்கு நேர்மின்னோட்டத்தால் எரியும் எல்.இ.டி. விளக்கைப் பயன்படுத்துக. பிரகாசத்தைக் குறைக்கும் திருகு உள்ள சில விளக்குகள், மின்னோட்டத்தை விரைவாக வெட்டி வெட்டியே ஒளியைக் குறைப்பவை. அவற்றை முழுப் பிரகாசத்திலேயே வைத்துக்கொள்வது நலம்.

குண்டுக்குப் பின்னால் வெள்ளைத் திரை ஒன்றை வைத்து அத்திரைக்கு ஒளி தந்தால், குண்டு கருநிழலாகத் தெளிவுற விழும். விளிம்பை அளப்பதற்கு இது மிகவும் ஏற்றது.

3. தரவு செல்லும் வழி

கால்வாயில் நீர் பாய்வதை நினைத்துக்கொள்க. கால்வாய் எங்கு மிகக் குறுகலோ, அங்கே கடக்கும் அளவு நீரே வயலைச் சேரும். மிகுதி கரை புரண்டு வீணாகும். காமிராவிலிருந்து கணிப்பொறிக்குத் தரவு செல்வதும் அத்தகையதே. வீணாகும் நீர் இங்கே தவறிய படங்கள்.

மேற்கண்ட காமிராவில் ஒரு படத்திற்கு 13,10,720 படப்புள்ளிகள். கறுப்பு வெள்ளையில் ஒவ்வொன்றுக்கும் 1 பைட் எனில், வினாடிக்கு 500 படங்களுக்கு ஏறத்தாழ 655 மெகாபைட் தரவு பிறக்கின்றது. இதனை ஏற்கும் வழிகளின் திறன் வருமாறு:

கிகாபிட் ஈதர்நெட் கேபிள்: கணக்கின்படி 125 மெகாபைட், நடைமுறையில் அதனினும் சற்றுக் குறைவு.
யு.எஸ்.பி. 3.0 கேபிள்: நடைமுறையில் சுமார் 350 மெகாபைட்.
சுழலும் தட்டு: 100 முதல் 200 மெகாபைட் வரை.
சாட்டா இணைப்புள்ள திண்மத் தட்டு: சுமார் 500 மெகாபைட்.

எனவே முழுப் படத்தையும் இவ்வேகத்தில் எடுத்து, இவற்றுள் எந்த வழியாலும் அனுப்ப இயலாது. விலையுயர்ந்த இணைப்பை வாங்குமுன், தேவையற்ற தரவை நீக்க முடியுமா என்று பார்த்தல் வேண்டும். குண்டு நேர்கீழே விழுகின்றது. அகலம் முழுவதும் நமக்கு வேண்டுவதில்லை. 1280 உயரமும் 256 அகலமும் உள்ள ஒரு பட்டையை மட்டும் எடுத்தால், வினாடிக்குச் சுமார் 164 மெகாபைட் போதும். யு.எஸ்.பி. 3.0 வழியில் இது எளிதில் அடங்கும். அகலத்தை 128 ஆக்கினால் சுமார் 82 மெகாபைட். கிகாபிட் ஈதர்நெட்டிலும் அடங்கிவிடும். காமிராவைத் திருப்பி வைத்ததன் மற்றொரு பயனும் இங்கே தெரிகின்றது. பல உணர்தகடுகளில் வரிசைகளைக் குறைத்தால்தான் பட வேகத்தை உயர்த்த முடியும். திருப்பி வைத்த நிலையில் பட்டையின் அகலமே வரிசைகளின் எண்ணிக்கையாகும்.

படப்புள்ளிக்கு 10 அல்லது 12 பிட் எனத் தேர்ந்தால், பெரும்பாலும் 2 பைட் இடம் பிடித்துத் தரவு இருமடங்காகும். நிழலுருவை அளப்பதற்கு 8 பிட்டே போதுமானது.

4. கணிப்பொறியை ஆயத்தம் செய்தல்

கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்க.

(அ) காமிராவுக்கெனத் தனி இணைப்பு வாய் ஒன்றை ஒதுக்குக. வேறு கருவிகளோடு பங்கிடும் பெட்டிகள் வழியாக இணைக்க வேண்டா.

(ஆ) காமிராவுடன் வந்த, அல்லது அக்காமிராவின் இணைப்புத் தரத்திற்கு உரிய, மென்பொருளை நிறுவுக. ஈதர்நெட் வழியாயின், காமிராவும் கணிப்பொறியும் ஒரே வலைத்தொகுதியில் அமையுமாறு முகவரிகளை வகுத்து, இரு முனைகளிலும் பெரிய பொட்டலங்களை அனுமதிக்குக. சுமார் 9000 பைட் கொண்ட பொட்டலங்கள் கணிப்பொறியின் சுமையைக் குறைக்கும்.

(இ) மின்சிக்கன ஏற்பாடுகளையும், தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடுகளையும் பதிவு முடியும்வரை நிறுத்தி வைக்குக. பதிவின் நடுவே எழும் இத்தகைய வேலைகளே பல படங்கள் தவறுவதற்குக் காரணமாகின்றன.

(ஈ) படங்களை முதலில் கணிப்பொறியின் நினைவகத்தில் வாங்கி, நிகழ்ச்சி முடிந்த பின்னர் தட்டில் எழுதுக. 3 வினாடிப் பதிவுக்கு, மேற்கண்ட 256 அகலப் பட்டையில், சுமார் 492 மெகாபைட் நினைவகம் போதும். தட்டின் வேகம் அப்பொழுது ஒரு தடையாகாது.

(உ) ஒவ்வொரு படத்துடனும் அதன் வரிசை எண்ணையும் காமிரா இட்ட காலக் குறிப்பையும் சேமிக்கும்படி அமைக்குக. இது மிக இன்றியமையாதது.

5. தொடங்கும் குறிப்பு

அரை வினாடி நிகழ்ச்சியைக் கைவிரலால் பொத்தானை அழுத்திப் பிடிப்பது அரிது. இதற்கென ட்ரிகர் எனப்படும் தூண்டு குறிப்பைப் பயன்படுத்துவர். மென்பொருள் இடைவிடாது படங்களை வாங்கி, நினைவகம் நிறைந்தவுடன் பழையவற்றை அழித்துப் புதியவற்றை எழுதிக்கொண்டேயிருக்கும். குறிப்பு வந்ததும் எழுதுவதை நிறுத்தினால், அதற்கு முந்தைய சில வினாடிகள் நம் கையில் நிற்கும். குண்டு தரையில் விழுந்த ஓசையைக் கேட்ட பிறகு பொத்தானை அழுத்தினாலும் நிகழ்ச்சி முழுவதும் கிடைத்துவிடும்.

தூண்டு குறிப்பைக் கம்பி வழியே தருவதாயின், காமிரா ஏற்கும் மின்னழுத்தத்தையும் முனைகளின் நேர், எதிர் அமைப்பையும் கையேட்டில் பார்த்த பின்னரே இணைக்க வேண்டும். தவறான இணைப்பு காமிராவைக் கெடுத்துவிடும்.

6. கணக்கைச் சோதித்தல்

இப்பொழுது முக்கியமான வினாவுக்கு வருவோம். காமிரா 500 என்று சொல்வதை நாம் எவ்வாறு நம்புவது?

நாம் விலக்கி வைத்த குழல் விளக்கே இங்கு உதவிக்கு வருகின்றது. ஒரு வெள்ளை அட்டையை அவ்விளக்கின் ஒளியில் வைத்து, அதே அமைப்பில் சில வினாடிகள் பதிவு செய்க. ஒளி வினாடிக்கு 100 முறை துடிப்பதால், 500 பட வேகத்தில் ஒவ்வொரு 5 படங்களுக்கும் ஒருமுறை பிரகாசம் மீண்டும் மீண்டும் உச்சத்தை அடையும். படங்களின் சராசரிப் பிரகாசத்தை வரைபடமாக்கினால் சீரான அலை தோன்ற வேண்டும். மின்சாரத்தின் சுற்று சரியாக 50-ஆக எப்பொழுதும் நிற்பதில்லையாதலால், அலை மெல்ல மெல்ல நழுவுவது இயல்பே. ஆனால் ஓரிடத்தில் திடீரெனத் தாவினால் அங்கே படங்கள் தவறியுள்ளன என்று அறிக.

இச்சோதனைக்கும் ஒரு குறை உண்டு. சரியாக 5 அல்லது 10 படங்கள் தவறினால் அலை தாவாது; தவறு மறைந்துவிடும். ஆகவே படங்களின் வரிசை எண்களில் விடுபாடு உள்ளதா என்பதையும், காலக் குறிப்புக்கள் 2 மில்லி வினாடி இடைவெளியில் ஒழுங்காக உயர்கின்றனவா என்பதையும் சேர்த்தே சரிபார்த்தல் வேண்டும்.

தவறினால் விளையும் கேடு எவ்வளவு? குண்டு 1 மீட்டர் விழ 226 படங்கள் ஆகும். காலம் 0.452 வினாடி, புவியீர்ப்பு முடுக்கம் 9.79 எனக் கிடைக்கும். இடையில் 5 படங்கள் தவறி, ஆசிரியர் 221 என எண்ணினால், விடை 10.24 ஆகிவிடும். மாணவர் தம் கைப்பிழை என்று கருதி வெட்கமுறுவர். பிழையோ கேபிளில் இருக்கும்.

7. படத்திலிருந்து அளவு காணல்

அளவுகோலைக் குண்டு விழும் அதே தளத்தில் நிறுத்திப் படமெடுக்க வேண்டும். காமிரா 2 மீட்டர் தொலைவில் இருக்க, அளவுகோல் குண்டுக்கு 10 சென்டி மீட்டர் பின்னால் இருந்தால், நீள அளவில் சுமார் 5 சதவீதப் பிழை நேரும். காமிரா அத்தளத்திற்குச் செங்குத்தாக நோக்க வேண்டும்.

குண்டு கையை விட்ட கணத்தைப் படத்தில் தேடித் துன்புறத் தேவையில்லை. 50 படங்களுக்கு ஒருமுறை, அதாவது 0.1 வினாடிக்கு ஒருமுறை, குண்டின் நிலையைக் குறிக்குக. குறிப்புக்கள் 0, 49, 196, 441, 784 மில்லி மீட்டர் என அமைந்தால், அடுத்தடுத்த வேறுபாடுகள் 49, 147, 245, 343. இவற்றின் வேறுபாடுகள் 98, 98, 98. மாறாத இந்த எண்ணை 0.1-இன் வர்க்கத்தால் வகுத்தால் வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர் என்ற முடுக்கம் கிடைக்கின்றது. எந்தப் படத்திலிருந்து தொடங்கினும் இறுதி வரிசை மாறாது.

மூன்றாவது இடைவெளியில் 5 படங்கள் தவறியிருந்தால், நிலைகள் 0, 49, 196, 471, 824 என வரும். இறுதி வரிசை 98, 128, 78 ஆகும். மொத்தக் காலத்தை மட்டும் அளந்தவருக்கு மறைந்து நின்ற பிழை, இம்முறையில் தானே வெளிப்பட்டுவிடுகின்றது. ஆகையால் இரண்டு முனைகளை மட்டும் கொண்டு கணக்கிடாமல், இடைநிலைகளையும் குறிப்பதை வழக்கமாக்கிக் கொள்க. நிலைகளைக் குறிக்க டிராக்கர், இமேஜ்ஜே ஆகிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

8. களத்திலும் பள்ளியிலும் கவனிக்க வேண்டியவை

தன்னுள்ளேயே நினைவகம் கொண்ட காமிராக்கள் பலவற்றில், மின்சாரம் நின்றால் படங்கள் அழிந்துவிடும். களத்தில் மின்தடை இயல்பாதலால், காமிராவுக்கும் கணிப்பொறிக்கும் மின்கலத் தாங்கி அமைக்க வேண்டும். படங்களைக் கணிப்பொறிக்கு மாற்றி, ஒன்றிரண்டைத் திறந்து பார்த்த பின்னரே காமிராவை அணைக்க வேண்டும். ஒரு பருவத்தில் ஒருமுறையே நிகழும் வேலையைப் பதிவு செய்தவருக்கு இவ்விதியின் அருமை விளங்கும். கதிரடிப்புக் களத்தில் தூசி லென்ஸின்மேல் படியாதவாறும், வெயில் காமிராவின்மேல் நேரே விழாதவாறும் மறைப்பு அமைக்குக.

தனிக் காமிரா இல்லாத பள்ளிகளில், வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைப்பேசியைக் கொண்டும் இப்பாடத்தை நடத்தலாம். கோப்பைக் கேபிள் வழியே கணிப்பொறிக்கு மாற்றுக. செய்தி அனுப்பும் செயலிகள் கோப்பைச் சுருக்கிக் காலக் கணக்கைக் கெடுக்கக்கூடும். பெட்டியில் அச்சிட்ட பட வேகத்தை நம்பாமல், குழல் விளக்குச் சோதனையைக் கைப்பேசிக்கும் செய்க.

பயிற்சி

1. தெளிப்பான் மூக்கிலிருந்து துளிகள் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வெளிவருகின்றன. ஒரு படப்புள்ளி 0.02 மில்லி மீட்டரைக் குறிக்கின்றது. ஒளி புகும் நேரம் எவ்வளவுக்கு மேற்படலாகாது?

2. 640-க்கு 480 படப்புள்ளிகள் கொண்ட காமிரா, 8 பிட்டில், வினாடிக்கு 300 படங்கள் எடுக்கின்றது. கிகாபிட் ஈதர்நெட் போதுமா? படப்புள்ளிக்கு 2 பைட் எனில் போதுமா?

3. மூன்று இறக்கைகள் கொண்ட விசிறி நிமிடத்திற்கு 300 முறை சுழல்கின்றது. 240 பட வேகத்தில், ஓர் இறக்கை நின்ற இடத்திற்கு அடுத்த இறக்கை வருமுன் எத்தனை படங்கள் கிடைக்கும்?

விடைகள்: 1. வினாடியின் பத்து இலட்சத்தில் 2 பங்கு. இத்துணைக் குறுகிய நேரத்திற்கு ஷட்டரை நம்புவதைவிட ஒளிவீச்சு விளக்கைப் பயன்படுத்துவதே தக்கது. 2. வினாடிக்குச் சுமார் 92 மெகாபைட், போதும். இருமடங்கானால் சுமார் 184, போதாது. 3. வினாடிக்கு 15 இறக்கைகள் கடக்கின்றன. 16 படங்கள் கிடைக்கும்.

ஒவ்வொரு பதிவுக்கும் பட வேகம், ஒளி புகும் நேரம், படப்புள்ளியின் அளவு, தவறிய படங்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் எழுதி வைக்குக. தவறியவை எவையும் இல்லையெனில், இல்லை என்றே எழுதுக. பின்னால் வந்து அப்படங்களைப் பார்ப்பவர், அவற்றை நம்பி அளப்பதற்கு அக்குறிப்பே ஆதாரமாக இருக்கும்.